பட்டமேற்படிப்பும் ‘பெண்ணுக்கு ஏற்ற துறை’ என்ற பேச்சும்

செபராங் பிறையிலிருந்து எழுதியிருக்கும் அன்பருடைய கேள்வியின் சாரம் இது: மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் பெண்களே பெரும்பான்மையாக இருக்கும்போது, முதுகலை, முனைவர் கல்வியில் பெண்களைப் பற்றிய முன்முடிவுகள் தடையாக நிற்கின்றன என்று இன்னமும் பேசுவதில் பொருள் உண்டா? இதனுடன் ஒரு வீட்டுக் கவலையையும் அவர் சேர்த்திருக்கிறார். நிபோங் தெபாலில் இருக்கும் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தின் பொறியியல் வளாகத்தில் கனிம வளப் பொறியியல் படித்து முடித்த அவருடைய மகள் அதே துறையில் முனைவர் ஆய்வைத் தொடர விரும்புகிறார். வீட்டுப் பெரியவர்களோ, கல்லும் மண்ணும் தோண்டுகிற இடத்தில் பெண்பிள்ளைக்கு என்ன வேலை, மேலே படித்துத்தான் ஆகவேண்டும் என்றால் நிர்வாகவியல் எடுக்கட்டுமே என்கிறார்களாம்.

முதல் கேள்விக்கான பதில் இரண்டாவது செய்தியிலேயே இருக்கிறது. பெண்ணால் முடியாது என்று உங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை; அவர் மேலே படிப்பதையும் யாரும் மறுக்கவில்லை. அவர் எதைப் படிப்பது பொருத்தம் என்பதைத்தான் மற்றவர்கள் தீர்மானிக்கப் பார்க்கிறார்கள். இந்த நாட்டில் பட்டமேற்படிப்பில் பெண்களைப் பற்றிய முன்முடிவு பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வேலை செய்கிறது. அது வாசலில் நின்று யாரையும் தடுப்பதில்லை. உள்ளே வந்தவரை இந்தப் பக்கம் போ, அந்தப் பக்கம் வேண்டாம் என்று திருப்பிவிடுகிறது. அதனால்தான் மொத்தத் தலைக்கணக்கை வைத்து அதைப் பிடிக்க முடியாது.

எண்ணிக்கையைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது சரி. பொதுப் பல்கலைக்கழக மாணவர்களில் ஏறக்குறைய பத்தில் ஆறு பேர் பெண்கள். நாட்டின் ஆய்வாளர்களிலும் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பெண்கள், உலக அளவிலோ அந்தப் பங்கு மூன்றில் ஒன்றை ஒட்டித்தான் இருக்கிறது. ஆனால் இந்தப் பெரும்பான்மையில் ஒரு பகுதி ஆண்கள் வராமல் போனதால் உண்டானது என்பதை மறக்கக் கூடாது. எஸ்.பி.எம். என்னும் இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வை முடித்ததும் வேலைக்கும் தொழில்திறன் பயிற்சிக்கும் போய்விடும் பையன்களை நம் குடியிருப்புகளில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். இன்னொரு கணக்கும் உண்டு. வேலை செய்யும் வயதில் இருக்கும் ஆண்களில் நூற்றுக்கு எண்பதுக்கும் மேற்பட்டோர் உழைப்புச் சந்தையில் இருக்கும் நாட்டில், பெண்களில் அந்த விகிதம் ஐம்பத்தைந்தைச் சுற்றியே நிற்கிறது. பல்கலைக்கழகத்தில் முந்தி நிற்பவர்கள் அதற்கு அப்பால் எங்கே குறைந்துபோகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

துறைத் தேர்வைப் பற்றிப் பேசும்போது வெளிநாட்டு உதாரணங்களைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம்மைப் பார்த்து வெளிநாட்டார் வியந்த ஓர் உதாரணமே இருக்கிறது. கணினி அறிவியலை மேற்கு நாடுகள் ஆண்களின் துறையாகவே நினைத்துப் பழகிவிட்டன. அமெரிக்காவில் கணினி அறிவியல் இளங்கலைப் பட்டம் பெறுவோரில் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் 37 விழுக்காட்டை எட்டிப் பின்னர் சரிந்து 20 விழுக்காட்டுக்கும் கீழே போனது. அதே காலத்தில் மலேசியாவில் இந்தத் துறையில் பெண்கள் நிறைந்திருந்தார்கள். இது எப்படி என்று அறிவதற்காக நார்வே நாட்டு ஆய்வாளர் விவியன் லாகெசன் கோலாலம்பூருக்கு வந்தார். சுவீடன் நாட்டு உல்ஃப் மெல்ஸ்ட்ரோம் பினாங்கில் களஆய்வு செய்தார். 2008, 2009ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவர்களுடைய கட்டுரைகள் இரண்டும் ஏறத்தாழ ஒரே செய்தியைச் சொல்கின்றன. இங்குள்ள மாணவிகளுக்கும் பெற்றோர்களுக்கும் கணினித் துறை என்பது குளிர்சாதன அறைக்குள் அமர்ந்து செய்கிற, உடல் வலிமை தேவைப்படாத, பாதுகாப்பான, நல்ல சம்பளம் கிடைக்கிற வேலை. ஆகவே பெண்ணுக்கு உகந்தது. அங்கே ஆண்தனமாகத் தெரிந்த அதே துறை இங்கே பெண்களுக்கு இயல்பானதாகத் தெரிந்திருக்கிறது. கணினித் துறைக்கு இயற்கையாக ஒரு பாலினம் இருக்குமானால் இப்படி நாட்டுக்கு நாடு அது மாறியிருக்க முடியாது. (இந்தக் கட்டுரைகளில் இனவாரி இட ஒதுக்கீட்டுக் கொள்கையின் பங்கும் பேசப்படுகிறது, அது தனியாக விவாதிக்க வேண்டிய விஷயம்.)

இதைப் பெருமையாக எடுத்துக்கொள்ளலாம், தவறில்லை. ஆனால் அந்தப் பெருமைக்குள்ளேயே இன்னொன்று ஒளிந்திருக்கிறது. கணினிக்குக் கதவைத் திறந்துவிட்ட அதே காரணம் கனிமப் பொறியியலுக்குக் கதவைச் சாத்துகிறது. அறைக்குள் இருப்பதால் இது பெண்ணுக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டவர்கள், கல்குவாரியும் சுரங்கமும் கடற்பரப்பும் கட்டுமான இடமும் பெண்ணுக்கு ஏற்றவை அல்ல என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஆகையால் இந்த முன்முடிவு ஒரு துறையில் பெண்களைக் குவித்துவிட்டு மற்றொரு துறையில் அவர்களை அரிதாக்கும். இரண்டையும் கூட்டிப் பார்த்தால் எல்லாம் சமமாகவே தெரியும்.

இங்கே ஒரு சிறிய கிளைப்பேச்சுக்கு அனுமதி வேண்டும். வெளிவேலை பெண்ணுக்கு ஆகாது என்று தமிழ்க் குடும்பங்கள் சொல்லும்போது எனக்கு வியப்புத் தாங்குவதில்லை. நம்மில் பலருடைய பாட்டிமார்கள் விடிவதற்கு முன்பே பால்வெட்டுக் கத்தியும் வாளியுமாகத் தோட்டத்து நிரைகளில் நின்றவர்கள். அட்டையும் பாம்பும் மழையும் அவர்களுக்கு அன்றாடம். பக்கத்துப் பேரா மாநிலத்தில் ஈயம் எடுத்த காலத்தில் ஆற்றங்கரைகளில் டூலாங் தட்டில் மண்ணை அலசி ஈயம் பிரித்தவர்கள் பெரும்பாலும் பெண்கள். பெண்ணின் உடலைப் பற்றிய அக்கறை அன்று யாருக்கும் எழவில்லை. வறுமையில் செய்த வெளிவேலை தகும், படித்துப் பட்டம் வாங்கிச் செய்கிற வெளிவேலை மட்டும் தகாது என்றால், அங்கே உண்மையில் பேசப்படுவது குடும்பத்தின் கௌரவம். தோட்டத்தை விட்டு வெளியேறிய ஒரு சமூகம் தன் பெண்களை வெயிலிலிருந்து மீட்டதை முன்னேற்றமாகக் கருதியதில் நியாயம் உண்டு, அந்த உணர்வை நான் குறைத்துப் பேசமாட்டேன். ஆனால் அதையே அளவுகோலாக வைத்து ஒரு பொறியியலாளரின் ஆய்வுத் துறையை நிர்ணயிப்பது பொருந்தாது.

மொத்த எண்ணிக்கை எவ்வளவு ஏமாற்றக்கூடியது என்பதற்கு, பட்டமேற்படிப்புச் சேர்க்கையைப் பற்றிய மிகப் புகழ்பெற்ற கணக்கு ஒன்று உண்டு; இந்தப் பொருளில் அக்கறை உள்ள ஒவ்வொருவரும் அதை அறிந்திருக்க வேண்டும். 1973ஆம் ஆண்டில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பட்டமேற்படிப்புக்கு விண்ணப்பித்த ஆண்களில் ஏறக்குறைய 44 விழுக்காட்டினருக்கு இடம் கிடைத்தது; பெண்களில் 35 விழுக்காட்டினருக்கே கிடைத்தது. பாகுபாடு வெளிப்படையாகத் தெரிகிறதே என்று யாரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் துறை துறையாகப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், பெரும்பாலான துறைகளில் பெண்களுக்கு எதிரான சாய்வு எதுவும் இல்லை, சிலவற்றில் பெண்களுக்குச் சற்றே சாதகம்கூட இருக்கிறது என்று 1975இல் எழுதினார்கள். பெண்கள் அதிகமாக விண்ணப்பித்தவை, இடம் குறைந்து போட்டி மிகுந்த துறைகள். ஆண்கள் அதிகமாகச் சென்றவை, கணிதப் பின்னணி கேட்ட, ஒப்பீட்டளவில் எளிதாக இடம் கிடைத்த துறைகள். மொத்தக் கணக்கில் தெரிந்த இடைவெளி அங்கிருந்து வந்தது.

இந்தக் கதையை எடுத்துச் சொல்பவர்களில் பாதிப்பேர், ஆகவே பாகுபாடு இல்லை என்று முடித்துவிடுகிறார்கள். அந்த ஆய்வாளர்கள் அப்படி முடிக்கவில்லை. சேர்க்கைக் குழு நேர்மையாக நடந்திருக்கலாம். ஆனால் அந்தப் பெண்கள் கணிதத்தை விட்டு விலகி, நெரிசலான, நிதி குறைந்த, வேலைவாய்ப்பு மங்கிய துறைகளுக்கு வந்து சேர்ந்தது பள்ளிக் காலத்திலிருந்தே அவர்கள் திருப்பப்பட்டதால்தான் என்று அவர்கள் சுட்டினார்கள். பெர்க்லியில் மொத்தக் கணக்கு பெண்களுக்குப் பாதகமாகக் காட்டியது, உள்ளே வேறு படம் இருந்தது. நம் நாட்டில் மொத்தக் கணக்கு பெண்களுக்குச் சாதகமாகக் காட்டுகிறது, உள்ளேயும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்வியியல், மொழி, உயிரியல் துறைகளின் ஆய்வு மாணவர் பட்டியலை ஒருபுறமும் இயந்திரப் பொறியியலின் பட்டியலை மறுபுறமும் வைத்துப் பார்த்தாலே போதும்.

திறமையைப் பற்றிய எண்ணத்துக்கு வருவோம். அமெரிக்காவில் 30 கல்வித் துறைகளைச் சேர்ந்த 1,800க்கும் மேற்பட்ட கல்வியாளர்களிடம், உங்கள் துறையில் சிறக்கப் பிறவி மேதைமை தேவையா, உழைப்பு போதுமா என்று கேட்டு 2015இல் ஓர் ஆய்வு வெளியானது. மேதைமை தேவை என்று எந்தத் துறையினர் அதிகமாக நம்பினார்களோ அந்தத் துறைகளில் முனைவர் பட்டம் பெறும் பெண்கள் குறைவாக இருந்தார்கள். அறிவியல், கலை என்ற பிரிவினையும் இதில் பொருந்தவில்லை; மெய்யியலும் இயற்பியலும் ஒரு பக்கம், உளவியலும் மூலக்கூறு உயிரியலும் மறுபக்கம் என்று துறைகள் பிரிந்தன. இரண்டு ஆண்டுகள் கழித்து அதே குழுவினரில் சிலர் குழந்தைகளிடம் சோதித்தபோது, ஐந்து வயதில் தங்கள் பாலினத்தாரையும் மிகமிகப் புத்திசாலிகள் என்று சொன்ன சிறுமிகள் ஆறு வயதில் அப்படிச் சொல்லத் தயங்கினார்கள். ஆனால் பள்ளியில் நல்ல மதிப்பெண் வாங்குவது பெண்கள்தான் என்பதை அவர்களே ஒத்துக்கொண்டார்கள். மதிப்பெண் ஒன்று, புத்தி வேறு என்ற இந்தப் பிரிவினை நமக்குப் புதிதா என்ன? தமிழ்ப்பள்ளியில் தேர்ச்சி அறிக்கை வாங்கப் போகும் நாளில் காதில் விழுவதைக் கவனியுங்கள். முதலிடம் வாங்கிய பெண்பிள்ளை நன்றாக உழைக்கிறாள். பத்தாம் இடத்தில் நிற்கும் பையனுக்கு மூளை இருக்கிறது, உட்கார்ந்து படிக்கத்தான் மாட்டேன் என்கிறான்.

பட்டமேற்படிப்பில் இது வெறும் வீட்டுப் பேச்சாக நிற்பதில்லை, பரிந்துரைக் கடிதத்தில் ஏறிவிடுகிறது. இளங்கலைச் சேர்க்கை பெரும்பாலும் தேர்வு முடிவை வைத்து நடக்கும். முனைவர் ஆய்வுக்கான சேர்க்கையோ, ஒருவர் இன்னொருவரைப் பற்றி என்ன எழுதுகிறார், மேற்பார்வையாளர் யாரை நம்பி எடுத்துக்கொள்கிறார் என்பதைச் சார்ந்தது. அமெரிக்க மருத்துவப் பள்ளி ஒன்றில் 300க்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை ஆராய்ந்து 2003இல் வெளியான ஆய்வு, பெண்களுக்கான கடிதங்கள் சராசரியில் குறுகியவை என்றும் உழைப்பையே அதிகம் புகழ்பவை என்றும் காட்டியது. கோலாலம்பூரில் பல ஆண்டுகள் ஆய்வு மாணவர் சேர்க்கைக் குழுக்களில் அமர்ந்தவள் என்ற முறையில் அந்த நடையை நான் நன்கு அறிவேன். பெண் விண்ணப்பதாரர் என்றால் பொறுப்பானவர், பணிவானவர், கொடுத்த வேலையைக் குறித்த நேரத்தில் முடிப்பவர். ஆண் என்றால் கூர்மையானவர், சுயமாகச் சிந்திப்பவர். எழுதியவர் இருவரையும் மனதாரப் புகழ்வதாகவே நினைத்திருப்பார். வாசிக்கும் குழுவோ முதலாமவரைத் திட்ட உதவியாளராகவும் இரண்டாமவரை ஆய்வாளராகவும் மனத்தில் வரைந்துகொள்கிறது. இப்படி எழுதுவோரில் பெண் பேராசிரியர்களும் உண்டு.

இதற்குச் சோதனைச் சான்றும் இருக்கிறது. ஆய்வுக்கூட மேலாளர் வேலைக்கான ஒரே விண்ணப்பத்தை, சிலருக்கு ஆண் பெயருடனும் சிலருக்குப் பெண் பெயருடனும், அமெரிக்காவின் 127 அறிவியல் பேராசிரியர்களுக்குக் கொடுத்து மதிப்பிடச் சொன்னார்கள். 2012இல் வெளிவந்த முடிவின்படி, ஆண் பெயர் தாங்கிய விண்ணப்பமே அதிகத் தகுதியுடையதாகத் தெரிந்தது. அவருக்குத் தர முன்வந்த சம்பளம் ஆண்டுக்குச் சராசரி 30,000 டாலருக்குச் சற்று மேல், அவளுக்கு 26,500 டாலரை ஒட்டியது. ஆனால் எதிர்ச்சான்றையும் சொல்லாவிட்டால் நான் நேர்மையாகப் பதில் சொன்னவளாக மாட்டேன். 2015இல் வேறு இரு ஆய்வாளர்கள் அறிவியல் துறை உதவிப் பேராசிரியர் பதவிக்குக் கற்பனை விண்ணப்பதாரர்களை முன்வைத்தபோது, சமத் தகுதியுள்ளவர்களில் பெண்ணையே பேராசிரியர்கள் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் தேர்ந்தார்கள். என் கணிப்பு இது: ஏற்கெனவே முனைவர் பட்டமும் கட்டுரைகளும் பெற்றுத் தன்னை நிறுவிக்கொண்ட பெண்ணை மதிக்க இன்று பலர் தயாராக இருக்கிறார்கள், இன்னும் எதையும் நிரூபிக்காத, வருங்காலத்தை நம்பி எடுக்க வேண்டிய பெண்ணிடம்தான் பழைய தயக்கம் வெளிப்படுகிறது. முனைவர் சேர்க்கை அந்த இரண்டாவது வகை.

முன்முடிவை நினைவூட்டினாலே பெண்களின் கணிதத் தேர்வு மதிப்பெண் குறைகிறது என்ற கருத்து 1990களின் இறுதியிலிருந்து மிகவும் பரவியது. பின்னாளில் பெரிய அளவில் மீண்டும் சோதித்தபோது விளைவு மிகச் சிறியதாகவோ இல்லாததாகவோ தெரிந்ததால், நான் அதை வாதத்துக்குத் துணையாகக் கொள்வதில்லை.

இனி, காலமும் கல்யாணமும். முனைவர் ஆய்வு பெரும்பாலும் இருபத்தைந்துக்கும் முப்பத்தைந்துக்கும் இடையில் நடக்கிறது. வரன் பார்ப்பதும் பிள்ளை பெறுவதும் அதே ஆண்டுகளில்தான். 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்த வேலைச் சட்டத் திருத்தம் மகப்பேற்று விடுப்பை 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்த்தியது. கணவருக்கும் 7 நாள் கிடைக்கிறது. ஆனால் அது தொழிலாளிக்கான சட்டம், ஆய்வு மாணவர் சட்டத்தின் பார்வையில் தொழிலாளி அல்லர். அவர் பருவத்தை ஒத்திவைக்க விண்ணப்பிக்கலாம். ஒத்திவைத்த மாதங்களில் உபகாரச் சம்பளம் தொடருமா, கடைசித் தவணை தள்ளிப்போகுமா என்பது ஒவ்வொரு திட்டத்தின் விதியைப் பொறுத்தது. பகுதிநேரமாக முதுகலை படிக்கும் தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளின் நிலை இன்னும் கடினம். பள்ளி முடிந்து, வீட்டு வேலை முடிந்து, பிள்ளைகள் தூங்கிய பிறகு ஆய்வேட்டைத் திறக்கிறார்கள். பட்டம் முடிக்கத் தாமதமாகும்போது, கல்யாணமானதும் ஆர்வம் குறைந்துவிட்டது என்று துறையில் பேசிக்கொள்வார்கள். அதே வயதில் தந்தையான ஆண் மாணவரைப் பற்றி அப்படி ஒரு சொல் எழுந்து நான் கேட்டதில்லை.

அதிகம் படித்தால் மாப்பிள்ளை கிடைக்காது என்ற அச்சத்தை நான் கிண்டல் செய்யப்போவதில்லை, அதில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அந்த உண்மை எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். மணமகன் மணமகளைவிட ஒரு படி கூடுதலாகவாவது படித்திருக்க வேண்டும் என்ற விதியை நாம் வைத்திருக்கிறோம். பட்டதாரிகளில் பெண்கள் பத்துக்கு ஆறாக இருக்கும் நாட்டில் இந்த விதியை எல்லாக் குடும்பங்களும் பிடித்துக்கொண்டிருந்தால், முனைவர் பட்டம் வரை போக வேண்டியதே இல்லை, இளங்கலையிலேயே கணக்கு இடிக்கத் தொடங்கிவிடும். ஆகவே உங்கள் மகள் முனைவர் ஆய்வை விட்டுவிடுவதால் இந்தச் சிக்கல் தீராது. விட்டுக்கொடுக்க வேண்டியது மாப்பிள்ளைத் தகுதி பற்றிய அந்த நிபந்தனை.

ஆய்வுக்கூடத்துக்குள் நடப்பதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கூட்டக் குறிப்பு எழுதுவது, கருத்தரங்குக்கு உணவு ஏற்பாடு செய்வது, புதிய மாணவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுப்பது போன்ற, ஆய்வேட்டில் ஒரு பக்கம்கூடச் சேர்க்காத வேலைகள் பெண் ஆய்வு மாணவர்கள் தலையிலேயே விழுகின்றன. கேட்டால், அவர்கள்தான் ஒழுங்காகச் செய்வார்கள் என்பார்கள். கருவியை இயக்குவதும் களத்துக்குப் போய் மாதிரி எடுப்பதும் ஆண்களிடம் போய்விட்டால், கட்டுரையில் முதல் பெயர் யாருடையது என்பதும் அங்கேயே முடிவாகிவிடுகிறது. சட்டத் தளத்தில் நிலைமை முன்பைவிட மேல். கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் 8(2)ஆம் பிரிவில் பாலினம் 2001இல் சேர்க்கப்பட்டது. கர்ப்பமாக இருந்ததற்காகத் தற்காலிக ஆசிரியை ஒருவரின் நியமனத்தை அரசு திரும்பப் பெற்றது செல்லாது என்று ஷா ஆலம் உயர் நீதிமன்றம் 2011இல் அந்தப் பிரிவின் துணையோடு தீர்ப்பளித்தது. பாலியல் தொல்லைக்கு எதிரான தனிச் சட்டம் 2022இல் வந்தது. என்றாலும், கருத்தரங்கு உணவை யார் ஏற்பாடு செய்வது என்ற கேள்வியோடு எவரும் நீதிமன்றத்துக்குப் போகப்போவதில்லை.

உச்சியில் இருந்தவர்களைப் பார்த்தாலும் கால இடைவெளி புரியும். 1949இல் சிங்கப்பூரில் தோன்றிய மலாயாப் பல்கலைக்கழகத்துக்கு முதல் பெண் துணைவேந்தராக ரபியா சாலிம் வந்தது 2006இல். நாட்டிலேயே முதல் பெண் துணைவேந்தரும் அவர்தான். 1969இல் தொடங்கிய பினாங்கின் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்துக்கு அஸ்மா இஸ்மாயில் துணைவேந்தரானது 2016இல். டைஃபாய்டு காய்ச்சலை விரைவாகக் கண்டறியும் சோதனையை உருவாக்கிய அறிவியலாளர் அவர். இத்தனைக்கும் பெண்களையும் குழந்தைகளையும் பற்றிய ஆய்வுக்கென்றே கானித்தா என்ற அமைப்பை 1978இலேயே தொடங்கிய பல்கலைக்கழகம் அது.

உங்கள் மகளின் விஷயத்துக்கு வருகிறேன். கனிம வளப் பொறியியலில் களவேலை உண்டு என்பது உண்மை. ஆய்வின் பெரும்பகுதி தாதுவைப் பிரித்தெடுத்தல், பொருளின் பண்பைச் சோதித்தல், கழிவைக் கையாளுதல் என்று ஆய்வுக்கூடத்தில் நடப்பதும் உண்மை. ஆனால் இதைச் சொல்லி வீட்டுப் பெரியவர்களைச் சமாதானப்படுத்த வேண்டாம் என்பேன். அறைக்குள்தானே இருக்கப்போகிறாள் என்று அவர்கள் சம்மதித்தால், களத்துக்குப் போகவேண்டிய முதல் நாளில் அந்தச் சம்மதம் காலாவதியாகிவிடும். களத்துக்குப் போவாள் என்பதைச் சொல்லியே சம்மதம் கேளுங்கள்.

பதிவு செய்வதற்கு முன்பு மகள் மேற்பார்வையாளரை நேரில் பார்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டியவை சில. அவரிடம் முனைவர் ஆய்வை முடித்த பெண்கள் இருக்கிறார்களா, எத்தனை ஆண்டுகளில் முடித்தார்கள், இப்போது எங்கே இருக்கிறார்கள்? மாதிரி எடுக்கப் போகும் குழுவில் மாணவிகள் சேர்க்கப்படுகிறார்களா, அங்கே தங்குமிடமும் கழிப்பறையும் எப்படி? கட்டுரைகளில் பெயர் வரிசை எதை வைத்து முடிவாகிறது? மானியம் எந்த ஆண்டோடு முடிகிறது, பருவத்தை ஒத்திவைத்தால் அதற்கு என்ன ஆகும்? நல்ல மேற்பார்வையாளர் இந்தக் கேள்விகளால் மனம் சுளிக்கமாட்டார். அவருடைய பதில்களை, அவரிடம் ஏற்கெனவே படித்து முடித்த ஒரு பெண்ணிடம் தொலைபேசியில் சரிபார்த்துக்கொண்ட பிறகு கையெழுத்துப் போடட்டும்.